இரண்டு நுனி

கிராம்பு எண்ணெயில் ஊறிக்கிடந்த ஈயை அவள் ஊசிமுனையால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் இருமல் நின்றது. இருமினால்கூடப் பரவாயில்லை, நின்றால்தான் பயம் என்று ஆகிவிட்டது இந்த ஒரு வாரமாக. கையை அசைக்காமல் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்தாள். ஆக்சிஜன் மெஷின் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இருமல் மறுபடி வந்தது. அவள் ஈயைப் புரட்டி முடித்தாள்.

காலை எட்டரை. ஜன்னலோரத்து மேஜையில் வெளிச்சம் நன்றாக விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் வந்த டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்றோ நாளையோ, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகளுக்குச் சொல்லி, அவள் வந்தாயிற்று. கணவரின் தம்பிக்குச் சொல்லி, அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அதற்குமேல் சொல்ல வேண்டியவர்கள் என்று அவர்களுக்கு அதிகம் பேர் கிடையாது. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. அதை அவரிடமேதான் சொல்ல வேண்டியிருந்தது.

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரத்துணி.

"அம்மா, இப்பப் போய் ஈயா?"

"உங்கப்பாதான் கேட்டாரு."

"அவரு கேப்பாரு. நீ வந்து பக்கத்துல உக்காரும்மா."

முடித்துவிட்டு வருவதாக அவள் சொன்னாள். மகள் மேஜையையும் மைக்ரோஸ்கோப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்த மேஜையைக் கண்டால் ஆகாது. கிராம்பு எண்ணெய் வாடை பட்டாலே பல் வலிக்கிறது என்பாள்.

அவர் கேட்டது உண்மைதான். விடிந்ததும் கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டுமா என்று குனிந்த மகளைத் தாண்டி மனைவியைத் தேடிப் பிடித்து, "பாத்தியா?" என்றார். இரண்டு மாதமாக இதே கேள்வி. மேகமாக இருக்கிறது, காரநீர் தீர்ந்துவிட்டது, கை நடுங்குகிறது என்று அவளும் இரண்டு மாதமாகச் சாக்குச் சொல்லிவந்தாள். நேற்று டாக்டர் போன கையோடு, என்ன தோன்றியதோ, இரண்டு மாதத்துக்கு முன் வந்த குப்பியிலிருந்து மூன்று ஈக்களை எடுத்துக் காரநீரில் போட்டுவிட்டாள். காலையில் சதையெல்லாம் கரைந்து ஓடு மட்டும் தேன் நிறத்தில் நின்றது. இனி சாக்குச் சொல்ல வழியில்லை.

அவர் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் முப்பத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவர். பட்டம் கிடையாது. மேலே வந்த அதிகாரிகள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். அவர் பிரித்துக் கொடுத்த ஈக்களுக்கு அவர்கள் பெயர் வைத்தார்கள். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி போட்டு அவரை அதில் உட்கார வைத்தார்கள். தெருவில் அவருக்கு ஈக்காரர் என்று பெயர். ஊரில் வேலையில்லாதவன்தான் ஈ ஓட்டுவான், எங்கள் அண்ணன் அதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று அவர் தம்பி போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவரும் கூடச் சிரிப்பார். கோபம் என்பது ஈக்களின் விஷயத்தில் மட்டும்தான் வரும்.

அதுவும் எல்லா ஈயும் இல்லை. எள்ளில் பாதி இருக்கிற, முதுகு கூனிய ஒரு ஜாதி. எறும்புச் சாரைக்கு மேலே அந்தரத்தில் நின்று நோட்டம் பார்க்கும். கண்மூடித் திறப்பதற்குள் இறங்கி, ஓர் எறும்பின் உடம்பில் ஒரு முட்டையைச் செருகிவிட்டு ஏறிவிடும். முட்டையிலிருந்து வரும் புழு எறும்பின் தலைக்குள் போய் உட்கார்ந்து உள்ளே இருப்பதைச் சாப்பிடும். கடைசியில் தலை கழன்று விழும். அந்தக் காலித் தலைக்குள்ளேயே புழு கூடு கட்டிக்கொண்டு ஈயாக வெளியே வரும். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு நேரத்தில் அவர் இதைச் சொல்லி, அவள் அன்று பாதியில் எழுந்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது.

மேலாகப் பார்த்தால் அந்த ஈக்கள் எல்லாம் ஓர் அச்சில் வார்த்தவை. இனம் பிரிக்க ஒரே வழிதான், பெண் ஈயின் வயிற்று முனையில் இருக்கும் முட்டையிடும் குழாய். வீட்டில் அதற்குக் கொடுக்கு என்றே பெயர். ஒரு இனத்துக்கு அது ஆணி போல இருக்கும். இன்னொன்றுக்கு மண்வெட்டி போல, மற்றொன்றுக்கு மூன்று முள்ளாக. எந்த எறும்பின் உடம்பில் எந்த இடுக்கில் செருக வேண்டுமோ அதற்குத் தக்கபடி. ஆண் ஈக்களை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒதுக்கிவைப்பார். வீட்டிலும் அப்படித்தானே என்று தம்பி அதற்கும் ஒன்று சொல்வார்.

கொடுக்கை அவர் பார்ப்பார், அவள் வரைவாள். சித்திரப் பள்ளியில் படித்ததற்கு அவளுக்குக் கிடைத்த வேலை அது. மைக்ரோஸ்கோப்பின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தினால் ஒரே கண்ணில் ஈயும் தெரியும், தாளில் ஓடும் பென்சில் நுனியும் தெரியும். கோட்டின் மேல் கோடாகப் போட வேண்டும். தெரிவதை வரை, தெரிந்ததை வரையாதே என்பார். வாயால் சொல்கிற சேதிக்கு அந்த வீட்டில் மதிப்பே இல்லை. மூன்று முள் இருக்கிறது என்று சொன்னால் வரை என்பார். வரைந்து கொடுத்தால் ஈயோடு ஒத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் வலது கீழ் மூலையில் ஒரு டிக். அந்த மூலையில் அரை அங்குலத்தை அவள் எப்போதும் வெறுமையாக விட்டுவைப்பாள். ஒத்துவராத இடம் இருந்தால் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். தப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வட்டம் என்றால் மறுபடி பார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்க் கரையில், ஒரு புற்றின் மேலே பறந்த ஒரே ஒரு ஈயை அவர் பிடித்துக்கொண்டு வந்தார். ஈயைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவதும் அவர் வேலைதான். அன்றைக்கு அவருக்கு வலது கட்டைவிரலில் நகச்சுற்று. விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு, நீயே ஏற்றிவிடு என்றார்.

அவள் ஏற்றினாள். ஒரு சொட்டுப் பிசின், அதில் ஈ மல்லாக்க, மேலே மூடுகிற மெல்லிய கவர் கிளாஸ். கவர் கிளாஸ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஊசியால் மூலையை லேசாக அழுத்தினாள். விரலில் டிக் என்று ஒன்று பட்டது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. கண்ணை வைத்துப் பார்த்தபோது கொடுக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பிசினில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. கொண்டுவந்த ஒரே ஈயையும் கெடுத்துவிட்டோமே என்று கை கால் ஓடாமல் நின்றாள். சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து கண்ணை வைத்துவிட்டார்.

வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

"இங்க பாரு" என்றார் கடைசியில். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "ரெண்டு நுனி. இது எதுலயும் கிடையாது."

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் அவளுக்கும் தனக்கும் சேர்த்துத் தானே காபி போட்டுக்கொண்டு வந்தார், அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. காலையில் சொல்லலாம் என்று பார்த்தால் காலையில் எழுதவே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எட்டு மாதம் எழுதினார். நாக்கு நுனி வரைக்கும் வந்த பேச்சை அவள் எட்டு மாதமும் விழுங்கினாள். அச்சில் வந்தபோதுதான் பெயர் தெரிந்தது. அவள் பெயரோடு லத்தீன் வால் ஒன்றை ஒட்டி அந்த ஈக்கு வைத்திருந்தார். ஒரு பூ, ஒரு புடவை என்று வாங்கிக்கொடுக்கத் தெரியாத மனிதர். பத்திரிகையைப் பிரித்து அந்த ஒரு வார்த்தையை அவளிடம் வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எங்கே சொல்வது. அவர் பெயர் மட்டும் தனியாகப் போட்டு வெளிவந்த கட்டுரை அன்றும் இன்றும் அது ஒன்றுதான்.

இரண்டாவது ஈ கிடைக்கவில்லை என்று அவருக்குக் குறை. மழை விட்டதும் ஒவ்வொரு வருடமும் வலையை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போவார். அவளும் கூடப் போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிடைக்க வேண்டும் என்று அவர் புற்றுப் புற்றாகக் குனிவார். கிடைக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருப்பாள். வருடங்கள் ஆக ஆக இன்னொரு நினைப்பும் வந்தது. ஒருவேளை அந்த இனத்தின் கொடுக்கே அப்படித்தானோ, ஒட்டிக்கிடந்த இரண்டு நுனிகள்தான் தன் கைபட்டு விரிந்துகொண்டனவோ என்று. இந்த ஒருவேளையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலம் அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு போட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு குப்பியும் கடிதமும் வந்தன. அனுப்பியவள் அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரப் பெண். அதே கால்வாய்க் கரையில், அதே எறும்புகளின் மேல், ஏழு பெண் ஈக்கள் கிடைத்திருக்கின்றன, இறகும் காலும் சார் எழுதியதோடு அப்படியே ஒத்துப்போகின்றன, கொடுக்கை நான் இன்னும் பார்க்கவில்லை, முதலில் சார்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். மரியாதை தெரிந்த பெண். அந்தக் கடிதத்தை மகள் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மகளே பார்த்து அசந்துபோனாள். அவருடைய வலது கண் போய் வருடக்கணக்காகிவிட்டது. இடது கண்ணில் பூதக்கண்ணாடி வைத்தால் பெரிய எழுத்து தெரியும். மைக்ரோஸ்கோப் எல்லாம் முடியாது. "நீ பாரு" என்று அவளிடம் சொன்னார்.

இப்போது பார்த்தாள்.

திருகை மெல்ல நகர்த்த நகர்த்த மங்கல் விலகிக் கொடுக்கு துலங்கி வந்தது. ஒரே நுனி. வழவழவென்று, வெற்றிலைக் காம்பை நகத்தால் கிள்ளிச் சீவிவிட்ட மாதிரி, ஒற்றையாக இருந்தது. பிளவும் இல்லை, பிளவுக்கான கோடும் இல்லை. இரண்டாவது ஈயை வைத்தாள். ஒரே நுனி. மூன்றாவதும் அப்படியே. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த ஒருவேளை செத்துப்போனது இன்றைக்குத்தான்.

அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். மகள் அவருடைய கால்களுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூக்கில் குழாயோடு மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். கழுத்து எலும்புக்குமேல் குழி விழுந்து விழுந்து எழுந்தது. அவளுடைய காலடி கேட்டதும் தலையைத் திருப்பினார்.

"பாத்தியா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அவருடைய இடது கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சுக்கு இவ்வளவு பாடுபடுகிற ஒரு மனிதனிடம், உங்கள் ஆயுசில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் என் ஊசி பட்டு உடைந்த ஓட்டுத் துண்டு என்று எப்படிச் சொல்வது.

"பாத்துட்டேங்க. ரெண்டுதான். அதே மாதிரி."

அவர் கண்ணை மூடினார். நிம்மதியாகத் தூங்கப்போகிறார் என்று நினைத்தாள். உதடு அசைந்தது.

"வரை."

"இப்பவா அப்பா?" என்றாள் மகள். "அம்மாதான் சொல்லுதே."

"வரை" என்றார் மறுபடி. பிறகு இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, "பாக்கணும்" என்றார்.

அவள் மேஜைக்குத் திரும்பினாள். தாளை எடுத்தாள். கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் பொருத்தவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. அந்த இரட்டை நுனியை அச்சுக்காக ஒரு முறையும் திருத்தத்துக்காக மூன்று முறையும் வரைந்திருக்கிறாள். கை தானே போனது. வலது முள், இடது முள், இடது முள்ளின் உள் ஓரத்தில் சில்லுப் பெயர்ந்து விழுந்த சின்னப் படி. பெரிதாக, கெட்டிக் கோடுகளாகப் போட்டாள். ஒரு கொடுக்கை வரைய முன்பெல்லாம் இரண்டு நாள் ஆகும். இன்று இருபது நிமிடத்தில் முடிந்தது. கண்ணில் படாத ஒன்றை அவள் வரைந்தது இதுதான் முதல் தடவை. மூலையில் அரை அங்குலத்தை விட்டுவிட்டு எழுந்தாள்.

மகள் ஜன்னல் திரையை முழுக்க விலக்கி, அவரைத் தலையணைமேல் தூக்கி உட்காரவைத்தாள். அவர் பூதக்கண்ணாடியைப் பிடிக்க, அவள் தாளை ஒரு கோப்பின் மேல் வைத்துப் பிடித்தாள். கண்ணாடி மெல்ல ஊர்ந்தது. வலது முள்ளைச் சுற்றி வந்தது. இடது முள்ளில் இறங்கி, உள் ஓரத்துக்கு வந்ததும் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கை ஓய்ந்துபோய் நிற்கிறதோ என்று மகள் முழங்கையைத் தாங்கினாள்.

"ரெண்டும்... ஒண்ணு போலவே இருக்கு" என்றார்.

"ஆமாங்க."

அவர் பென்சில் கேட்டார். மகள் ஓடிப்போய் எடுத்துவந்து விரலிடுக்கில் வைத்தாள். அவர் தாளின் மேல் கையை வைத்து ஏதோ போட்டார். கை கொஞ்சம்தான் அசைந்தது. போட்டுக்கொண்டிருக்கும்போதே இருமல் பிடித்துக்கொண்டது, மூக்குக் குழாய் நழுவிவிட்டது, மகள் பதறிப்போய், அம்மா பிடி பிடி என்றாள். தாளை அந்தக் கோப்புக்குள் அவசரமாகச் செருகிவிட்டு அவள் குழாயைப் பிடித்தாள். டிக் போட்டுவிட்டார், முடிந்தது என்று மட்டும் மனதில் ஓடியது.

இருமல் அடங்கியதும் அவர் கேட்டார்.

"எத்தனை பாத்த?"

"மூணு."

"மிச்சம்?"

"நாலு இருக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையின் மேல் கிடந்த அவள் கையைத் தேடி, இரண்டு விரலை அதன்மேல் வைத்தார்.

"அவசரமில்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பகல் ஒரு மணிக்குத் தம்பி வந்தார். வாசலிலேயே அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சும்மா இருக்கத் தெரியாதவர். வழியில் பஸ் பஞ்சரான கதையை அண்ணனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் ஜாக்கியைத் தேடியது, கண்டக்டர் காணாமல் போனது என்று அது நீண்டுகொண்டே போயிற்று. அண்ணன் கேட்பதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார். மகள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். அவளோ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்த நேரத்தில் போனார் என்று மூன்று பேருக்குமே தெரியாது. தம்பிதான் கதையின் நடுவில் நிறுத்தி, "அண்ணி" என்றார். அவள் நிமிர்ந்து கழுத்துக் குழியைப் பார்த்தாள். அது விழுந்த இடத்திலேயே நின்றிருந்தது. மணி மூன்றே கால்.

மெஷின் மட்டும் விடாமல் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. மூக்குக்குள் இருந்த குழாயில் அது ஸ்ஸ் என்று வெளியே வழிந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவளே எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தாள். எட்டு மாதமாக ஓடிய சத்தம். அது நின்றதும் தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பது கேட்டது.

டாக்டர் வந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அவருடைய முகத்தைத் துடைத்தாள். கைகளைத் துடைத்தாள். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பென்சில் கரி இருந்தது. அதையும் துடைக்கத் துணியை எடுத்துப்போய், துடைக்காமல் வைத்துவிட்டாள். நம்பிக்கையோடு போய்விட்டார், இனி யாரும் அவரிடம் எதையும் சொல்லப்போவதில்லை. அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. அழுகை வராததைப் பார்த்துத் தம்பி, "அழுதுடுங்க அண்ணி" என்று கெஞ்சினார். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை வண்டி வந்தது. எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி பதினொன்று. மகள் கட்டிலைப் பிரித்து மெத்தையை வெயிலில் போட்டாள். கட்டிலுக்கு அடியில் இருமல் மருந்து ஊற்றிய ஸ்பூன் விழுந்துகிடந்தது. சுவரோரமாக எறும்புகள் வரிசை கட்டி அதற்குப் போய்வந்துகொண்டிருந்தன. மகள் துடைப்பத்தை எடுத்து ஒரே வீச்சில் கூட்டித் தள்ளினாள். அவர் இருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். எறும்புகளின் மேல் அவருக்கு எந்தக் காலத்திலும் இரக்கம் இருந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று வாசலில் தயங்கி நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. விஷயம் இப்போதுதான் தெரியும் என்றாள். குப்பிக்காக வரவில்லை, சாரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன், லேட்டாகிவிட்டது என்று சொன்னாள்.

"உள்ள வாம்மா" என்று அவள் கூட்டிப்போய் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "சாருக்கு நேத்து காலைல படம் வரைஞ்சு காட்டினேன். பாத்துட்டாரு. அவரு கையெழுத்தும் அதுல இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ."

இந்தத் தாளைக் கொடுத்துவிட்டால் போதும். ஈக்காரர் டிக் போட்ட படத்தை இந்தப் பெண் சந்தேகப்பட மாட்டாள். அப்படியே அச்சுக்குப் போகும். அவர் பெயரும் நிற்கும், அவள் பெயரும் நிற்கும். கோப்பைத் திறந்து தாளை உருவினாள்.

வலது கீழ் மூலை வெறுமையாக இருந்தது.

தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். படத்தின் மேலே, இடது முள்ளின் உள் ஓரத்தில், சில்லுப் பெயர்ந்த அந்தச் சின்னப் படியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் இருந்தது. கோடு நெளிந்து நெளிந்து போய், முடிகிற இடத்தில் சேராமல் நின்றிருந்தது.

ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு ஈக்கள்கூட ஒன்று போல இருக்காது என்று அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓயாமல் சொன்ன மனிதர். ஓர் ஈயில் பெயர்ந்த சில்லு இன்னோர் ஈயில் அதே இடத்தில் அதே அளவுக்குப் பெயராது. ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு என்று அவர் சொன்னதற்கு அவள் ஆமாங்க என்றாள். அவர் பார்த்தது படத்தை. அதிலிருந்தே இந்தக் கை எங்கே பார்த்து வரைந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய நுனி உடைந்தது என்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தாரா, எப்போதோ தெரியுமா என்று இனி கேட்க முடியாது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்று அந்தப் பெண் எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ உக்காரு." அவள் தாளை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இந்தப் படம் வேணாம். நேத்து நான் ஈயைப் பாத்து வரையல."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அடுத்த அறையில் துடைப்பம் சத்தம் நின்றது. மகள் கேட்கிறாள் என்று தெரிந்தே அவள் பேசினாள்.

"பழைய ஈக்கு ரெண்டு நுனி கிடையாது. அது உடைஞ்சது. கவர் கிளாஸை அழுத்தினது நான். சாருக்கு அன்னைக்கு விரல்ல நகச்சுத்து, நான்தான் ஏத்தினேன். சொல்லியிருக்கணும். சொல்லல."

அந்தப் பெண் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரே நுனி என்றால் அது ஏற்கெனவே தெரிந்த பழைய இனம்தான், புதிது என்று வைத்த பெயர் நிற்காது.

"சார் தனியா எழுதினது அது ஒண்ணுதானேம்மா."

"ஆமா."

"யாருக்கும் தெரியாது. நான் எதுவும் சொல்ல..."

"மறுபடி பாக்கச் சொல்லியிருக்காரும்மா" என்றாள் அவள்.

மகள் வாசலில் வந்து நின்றிருந்தாள். துடைப்பத்தைப் பிடித்திருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி போடட்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நேற்று கடைசியாக வைத்த ஈ அதே இடத்தில் இருந்தது, யாரும் தொடவில்லை. கண்ணாடியைப் பொருத்தினாள். திருகை நகர்த்தினாள். மங்கல் விலக இந்தத் தடவை நேரமானது, கண்ணை இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது. கொடுக்கு வந்து நின்றது. புதுத் தாளில் பென்சில் நுனி அதன்மேல் ஏறிக்கொண்டது. இடது ஓரத்தில் தொடங்கி, தெரிகிற கோட்டின் மேல் கோடாக, மெல்ல மேலே போய், ஒற்றை நுனியைச் சுற்றி, மறுபக்கம் இறங்கினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மகள் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டியது. ஆராய்ச்சிக்காரப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நிழலுக்குப் புள்ளிகள் வைத்தாள். தேதி போட்டாள். தாளை எடுத்து நீட்டியபோது அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பி, வலது கீழ் மூலையில் ஏன் இவ்வளவு இடம் சும்மா விட்டிருக்கிறது என்று பார்த்தாள்.